காற்று ஓட்டிய தூரம்

நான்கு சைக்கிள். காருக்கு இரண்டு, கேரவனுக்கு இரண்டு.
கணக்கு அவ்வளவுதான் என்றான் டௌவே,
வெள்ளிக்கிழமை இரவு மழைக்கோட்டோடு,
வாயில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டு.

கேரவனின் மூக்கு எழுபத்தைந்து கிலோதான் தாங்கும்.
குளியலறை எடை மிஷினைத் தூக்கிவந்து
மூக்குச் சக்கரத்துக்கு அடியில் வைத்தோம்.
காலையில் என்னை ஏசுகிற அதே முள்
கேரவனை ஏசியது:
தொண்ணூற்றொன்று.

உருளைக்கிழங்குச் சாக்கை இறக்கு என்றேன்.
டென்மார்க்கில் கிழங்கு விளையாதா?
விளையும். அது நம் கிழங்கு இல்லையே என்றான்.
பதினெட்டு வருடக் குடித்தனத்தில்
இதற்கெல்லாம் நான் பதில் தேடுவதை விட்டாயிற்று.
சாக்கு அச்சுக்கு மேலே நகர்ந்தது,
மடக்கு நாற்காலிகள் பின்னால் போயின,
முள் எழுபத்துமூன்றில் வந்து மூச்சு விட்டது.

எங்கள் சைக்கிள்கள் இரண்டும் கார் கூரையில்,
முதல்முறை மேடையேறிய பிள்ளைகள் மாதிரி
கை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றன.
நைன்கேயுடையதும் ஹிடேயுடையதும்
காருக்கும் கேரவனுக்கும் நடுவே, அந்த மூக்கின் மேல்.
கடைசிப் பட்டையை நான் கட்டுகிறேன் என்றான் ஹிடே,
எட்டு வயது.
கட்டினான். டௌவே இழுத்துப் பார்த்தான்
என்றுதான் நினைத்தேன்.

விடியுமுன் நாலரைக்கு ஸ்னேக்கை விட்டோம்.
எல்லை வந்ததும் போனதும் தெரியவில்லை,
சாலைப் பலகையின் நிறம் மட்டும் மாறியது.
ப்ரேமன் தாண்டி நைன்கே காதை அடைத்துக்கொண்டாள்.
ஹிடேயோ பெல்ட் கழுத்தை அறுக்க
பின்கண்ணாடிப் பக்கமே திரும்பியிருந்தான்.
என்னடா பார்க்கிறாய்?
சைக்கிளை.
எவ்வளவு பாசம் பார் என்று
டௌவேவின் முழங்கையைத் தொட்டேன்.

ஹாம்பர்க்கில், ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கம்.
வாயருகே வரும்போது டௌவே தலையைக் குனிந்தான்,
கூரைமேல் சைக்கிள் இருக்கிறதே என்று.
உயரம் தாராளம், இடிக்காது, தெரியும்.
நானும் குனிந்தேன்.

வெளியே வந்து கொஞ்ச தூரத்தில்
பக்கத்து லாரிக்காரர் ஹாரன் அடித்தார்,
விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார்,
இன்னொரு வட்டம்.

ஓரங்கட்டி இறங்கினால்
பட்டையின் நுனி தரையைத் துடைத்தபடி தொங்குகிறது.
ஹிடேயின் முன்சக்கரம்
நாங்கள் நின்ற பிறகும் நாலு சுற்றுச் சுற்றி
மெல்ல ஓய்ந்தது.

கைப்பிடியில் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த மீட்டர்.
நேற்றுவரை நாற்பத்தாறு கிலோமீட்டர்.
இப்போது முந்நூற்றுப் பதினொன்று.

டௌவே கத்தவில்லை. அதுதான் பயம்.
சைக்கிளே கழன்று
பின்னால் வருகிறவர்மேல் விழுந்திருந்தால் என்றான், மெதுவாக.
ஹிடே அழுதான். தெரிந்தே தளர்த்திக் கட்டினேன் என்றான்.
மூக்கைத் துடைத்துக்கொண்டு, மீட்டரை அழிக்கப் போன
அப்பாவின் கையைப் பிடித்தான்.

இது நீ ஓட்டினதில்லை, காற்று ஓட்டினது.

நீங்களும் உட்கார்ந்துதானே வந்தீர்கள் அப்பா?
ஊருக்குப் போய்
டென்மார்க்வரை ஓட்டினேன் என்று சொல்லமாட்டீர்களா?

காதடைப்பைக் கழற்றிவிட்டு நைன்கே சிரித்தாள்.
நான் லாரிகளை எண்ணுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.
டௌவே பட்டையை இறுக்கினான், ஆட்டினான்,
மறுபடி ஆட்டினான்.
மீட்டரைத் தொடவில்லை.

திடலில் இரண்டு நாள் மழை.
ஒரே தார்ப்பாய்க்குள் நான்கும் தோள் சாய்த்து நின்றன.
நம் கிழங்கைத் தின்றோம்.
மூன்றாம் நாள் காலை ரொட்டி வாங்க
நானும் ஹிடேயும் கிளம்பினோம்.
கடல்பக்கமிருந்து நேர் எதிரே காற்று.
இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தான்,
தலையைத் தாழ்த்தி மிதித்தான்,
பாதியில் இறங்கித் தள்ளினான்.
கடை வாசலில் மீட்டரைக் குனிந்து பார்த்து
ஒன்றரைதான் என்றான், நம்பமுடியாமல்.

திரும்பும்போது இது நம் முதுகுக்குத்தானே வரும் அம்மா?
ஆமாம் என்றேன்.

சூடான ரொட்டியோடு வெளியே வந்தோம்.
காற்று அதற்குள்
மனதை மாற்றிக்கொண்டிருந்தது.