சனிக்கிழமைக் கிளாஸ்

வெட்டுக்கூலி கைக்கு வரும் சனிக்கிழமை
குலசேகரம் சந்தை முக்கில்
மரியலூயிஸ் கடை மிக்சி எனக்காகச் சுற்றும்.
ஐஸாய் இறுகிய பால் ஒரு பாக்கெட்,
மட்டிப்பழம் நாலு,
மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம்,
அதன் உச்சியில் ஒரே ஒரு முந்திரி.
ஆறு நாள் நானூறு மரம் வெட்டின உடம்புக்கு
ஒரு கிளாஸ் குளிர்ச்சி.
வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.
சொன்னால் பங்கு கேட்பார்கள்.

ஆனி மழையோடு அரிப்பு வந்தது.
வயிற்றில் வட்டம் வட்டமாக,
முழங்கை மடிப்பில், விரலிடுக்கில்.
தக்கலை ஆயுர்வேத டாக்டர் அம்பிளி
நாடியை ஒரு நிமிஷம் பிடித்தார்,
வாயை அரை மணி நேரம்.
காலையில் என்ன, ராத்திரி என்ன,
மீன் தின்ன கையோடு பால் குடிப்பதுண்டா?
சனிக்கிழமையை மறைக்கப் பார்த்தேன்.
கண்ணாடிக்கு மேலே பார்க்கிற கண் அவருக்கு,
கக்கிவிட்டேன்.

"பாலும் வாழைப்பழமும் சேரப்பிடாது, கேட்டியா.
புளிப்பு எதுவும் பாலோட வேண்டாம்.
சக்கையும் அப்படித்தான்.
நல்லாக் கனிஞ்சு இனிக்கிற மாம்பழம் பரவாயில்ல,
பேரீச்சை தின்னலாம்.
பழமும் நல்லது, பாலும் நல்லது,
ஒரே நேரத்தில ஒரே வயித்தில வேண்டாம்."

எனக்கும் மாமியாருக்கும்
தனி அடுப்பு வைத்துத் தந்த அன்று
சபைப் போதகர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

ஏன் என்று நான் கேட்கவில்லை.
விடியுமுன் நெற்றியில் விளக்கு கட்டி
சிரட்டை சிரட்டையாய் எடுத்த பாலை
அரித்து, தட்டில் ஊற்றி,
தண்ணீர் சேர்த்த ஆசிட்டைக் கலக்கி
நுரையை வழித்துவிட்டு
பழஞ்சி குடித்துத் திரும்பினால்
பால் அங்கே இருக்காது.
கொஞ்சம் போனால் பாய் மாதிரித் தூக்கலாம்.
ரோலரில் கொடுத்தால் ஷீட்டு,
புகைப்புரையில் காய்ந்தால் காசு.
வயிற்றுக்குள்ளே என்றால்
எந்த ரோலரில் கொடுக்க?

அடுத்த சனிக்கிழமை
மிக்சி மூடியில் கை வைத்தவனிடம்
பழத்தை மட்டும் தா என்றேன்.
நின்றபடி ரெண்டு மட்டி தின்றேன்.
"உடம்பு சுகமில்லியாக்கும்?" என்றான்.
பேச்சிப்பாறை பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.
பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது.
ஒரு கிளாஸ் ஜூசுக்கு
நாற்பத்தொன்பது வயதில் ஒருத்தி அழுவாளா?
அழுதேன்.

ஆவணியில் வயிற்று வட்டங்கள் மங்கின.
முழங்கை வெளுத்தது.
விரலிடுக்கு மட்டும் கேட்கவில்லை.
டாக்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.
டீயா, தயிரா, பாயசமா?
"ஓணத்துக்குப் பக்கத்து வீட்டில பழப்பிரதமன் குடிச்சேன்.
தேங்காப்பாலாக்கும்."
"அந்தப் பால் கணக்கில வராது" என்று எழுதிக்கொண்டே
என் கையை இழுத்து வெளிச்சத்தில் விரித்தார்.
நான் தின்னதை எல்லாம் கேட்டவர்
நான் கலக்குவதைக் கேட்டதில்லை.
கேட்காததை நானும் சொன்னதில்லை.
"ஆசிட்டா? வெறும் கையாலயா?"
பேனாவை மூடிவிட்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

எண்ணெய் ஒரு குப்பி வாங்கினேன்,
ரப்பர் கையுறை ஒரு ஜோடி.
மாட்டிப் பார்த்து முகர்ந்தேன்.
யார் தோட்டத்துப் பாலோ.

மரியலூயிஸ் ரோட்டைக் கடந்து வந்து கேட்டான்,
மாம்பழ சீசனுக்காவது வருவியா என்று.
"நல்லா இனிச்சா வருவேன்.
புளிச்சா காசு தரமாட்டேன்."