சுட்ட கல்

ஜெகதேவியில் எங்கள் பாலீஷ் பட்டறைக்கு
மாதிரிக்கென்று வந்தது அந்தக் கல்.
இட்லிக் குண்டான் அளவு, மேலே கைப்பிடி,
பத்தொன்பது கிலோ.
இதைப்போல நூறு வேண்டும் என்றான்
முகம் தெரியாத வெளிநாட்டான்.
நம் கறுப்பில் இரண்டு கடைந்து அனுப்பினோம்.
தண்ணீர் குடிக்கிறது, பனியில் விரிசல் விடும் என்று பதில்.
ஆர்டர் வரவில்லை.
மாதிரியைத் திருப்பிக் கேட்டும் யாரும் வரவில்லை.

இரவு ஷிப்டில் மெஷின் ஓய்ந்ததும்
நான்கு பலகையைச் சேர்த்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றி
அதைத் தள்ளிவிட்டுப் பார்ப்பேன்.
போகும். போய்க்கொண்டே இருக்கும்.
கடைசியில் மெல்ல ஒரு பக்கம் திரும்பும்,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.

அப்புறம் செல்போனில் விதிகள்,
குல்மார்கில் தேர்வு,
பாஸ்போர்ட்டுக்குச் சேலம் மூன்று நடை,
கம்மல் பர்கூர் அடகுக்கடையில்.
பெருக்குகிறவளாக எடுத்தார்கள்.
கல்லுக்கு முன்னால் ஓடிப் பனியைத் தேய்க்க வேண்டும்;
தேய்த்த சூட்டில் கல் இன்னும் ஆறடி போகும்.
அது போய்ச் சேரும் வட்டத்துக்குப் பெயர் வீடு.

"வீட்டு மேல கல்லு உடறதுக்கா
ப்ளேன்ல கூட்டிகினு போறாங்க?"
என்றான் கட்டிங் மெஷின் திம்மராயன்.
துடைப்பத்தோடு போகிறாளாம் என்று
அவன் வீட்டுக்காரி சிரித்தாள்.
நானும் சிரித்தேன். பொய்யில்லையே.

ஆறு வருஷம், ஐந்து நாடு,
முப்பத்தொரு ஆட்டம். ஜெயித்தது நான்கு.
ஒருமுறை பதினாறுக்கு ஒன்று.
அந்த ஒன்றுக்கு லடாக் ஸ்டான்சின் அழுதாள்,
சந்தோஷத்தில்.

அல்மாட்டியில் கடைசி ஆட்டம்.
ஆறுக்கு ஆறு.
வீட்டுக்குள் அவர்கள் கல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது,
கடைசிக் கல் எங்களுக்கு.
ருக்ஸானா விட்டாள். நல்ல விடுகை.
நான் இடப்பக்கம், ஸ்டான்சின் வலப்பக்கம்.
பாதி தூரத்தில்
என் துடைப்பத்தின் முனை
கல்லில் பட்டது.

பட்டது என்றால்,
கொசு உட்கார்ந்து எழுந்தது போல.
கல் நெளியவில்லை, வழி மாறவில்லை.
நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
கூடத்தில் இருந்த எழுபது பேரும்
வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொட்டால் சுட்ட கல் என்பார்கள்.
தொட்டவள்தான் சொல்ல வேண்டும்.
சொன்னால் எடுத்து ஓரம் வைக்க வேண்டும்.

நேர்மை என்றெல்லாம் எதுவும் தோன்றவில்லை.
கம்மல்தான் தோன்றியது.
ஆனால் பட்டறையில் என் வேலை
பலகையில் விரல் ஓட்டிப் பார்ப்பது.
மயிரிழைக் கீறல் தட்டினாலும்
சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்கிவிடுவேன்.
பதினோரு வருஷமாக அதே கை.
அது தானாக மேலே போயிற்று.
கல்லை நானே நிறுத்தினேன்.
சுட்ட கல்,
சில்லென்று இருந்தது.

ருக்ஸானா ஏர்போர்ட் வரை பேசவில்லை.
பிறகு காபி வாங்கி வந்தாள், ஒன்றே ஒன்று,
பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

பேப்பரில் நான்கு வரி, கபடிக்குக் கீழே.
மாதேஸ்வரியை மகேஸ்வரி ஆக்கியிருந்தார்கள்.

மாதிரிக் கல் இப்போது பட்டறைக் கதவுக்கு முட்டு.
திம்மராயன் அதன்மேல் உட்கார்ந்து கேட்டான்:
"நெஜமாவே பட்டுச்சா?"
"பட்டுச்சு."
"எவ்ளோ?"

அவன் முழங்கையில்
விரல் நுனியை வைத்து எடுத்தேன்.
"இவ்ளோ."

ஒன்றும் சொல்லவில்லை.
சங்கு ஊதி மெஷின் போடும்வரை
அந்த இடத்தைத்
தேய்த்துக்கொண்டே இருந்தான்.