சுருளோடு வழி

மண்டலம் மாறியாச்சு என்று
ஒரு தாள் வந்தது.
தக்கலையோடு கிடந்த எங்கள் பள்ளியை
ஆரல்வாய்மொழிப் பக்கம் சேர்த்துவிட்டார்கள்.
படத்தில் அது ஒரு சாண்.
விமலா பாய் டீச்சர் ஸ்கேல் வைத்துக் காட்டினார்,
எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.
நான் பார்க்கவில்லை.
அந்தச் சாணுக்குள் எத்தனை வளைவு என்று
கிளட்ச் மிதிக்கும் என் இடது முட்டுக்குத் தெரியும்.

போட்டி ஐப்பசிக் கடைசியில்.
ஐப்பசியில் குலசேகரத்தில்
மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
விட்டால்தான் சொல்லுவோம்.

மழையானதால் ரப்பர் வெட்டு இல்லை,
அதனால் கூட்டத்துக்கு ஆள் நிறைய.
பெஞ்சு போதாமல்
நனைந்த குடைகளோடு சுவரோரம் நின்றார்கள்.

"சுருளோடு வழி வேண்டாம்,
ஏழு மணிக்கு மேல ஆனை நிக்கும்"
என்றார் பிபிஷாவின் அப்பா டென்னிசன்.
"ஆனை வழி விட்டாலும்
விழுந்து கிடக்குத மரம் விடுமா?"
இது ஜெர்ஷாவின் அம்மா.
"அப்பம் தக்கலை வழி போட்டும்."
"கல்லும் மணலும் ஏத்தி
கேரளாவுக்கு ஓடுத டாரஸுக்கு எதுக்கவா?
ஆனையாவது நின்னு பாக்கும்."
சிரித்தார்கள்.
சட்டென்று நிறுத்தியும் விட்டார்கள்.
போன வருசம் வில்லுக்குறி பக்கம்
டியூஷன் விட்டு வந்த ஒரு பையன்.
பேரை யாரும் சொல்லவில்லை.

டீச்சர் என்னைப் பார்த்தார்.
"நீங்க சொல்லுங்க, ஓட்டுகது நீங்களாக்கும்."
போக ரெண்டு மணிக்கூர் என்றேன்.
வர எவ்வளவு என்று
எந்த டிரைவரும் சொல்லமாட்டான் என்றேன்.
பின்டயர் ரெண்டும் மொட்டை என்பதை
அந்தக் கூட்டத்தில் சொல்லவில்லை.

மனு எழுதினார்கள்.
பழைய மண்டலமே வேண்டும்,
இல்லையென்றால் மழை கழிந்து தையில் வைக்கவேண்டும்.
"தையில பரீட்சை" என்றார் ஹெட்மாஸ்டர்.
தையை வெட்டிவிட்டு மாசி என்று போட்டார்கள்,
அதையும் வெட்டினார்கள்.
கடைசியில் மாசத்தின் இடம் காலியாகவே போனது.

அப்போதுதான் வாசல் பக்கமிருந்து
பிபிஷா கேட்டாள்:
"மாமா, ஐப்பசியில அங்க அந்தக் காத்து உண்டா?"

எனக்கு மட்டும்தான் அது புரிந்தது.
ஆடியில் ஒரு பழக்க ஆட்டத்துக்கு
இவர்களைக் கொண்டுபோயிருந்தேன்.
ரப்பர் மரங்களுக்கு நடுவே,
இலை கூட நேராக விழுகிற மைதானத்தில்
பந்து தட்டிப் படித்த பிள்ளைகள்.
கணவாய்க் காற்றில்
இவர்கள் போட்ட சர்வீஸ் ஒவ்வொன்றும்
காத்தாடித் தோட்டத்துக்குள் போய் விழுந்தது.
திரும்பும்போது வண்டியில் பாட்டு இல்லை.
பிபிஷா மட்டும் ஜன்னல் வழி கையை நீட்டி
காற்றை அளந்துகொண்டே வந்தாள்,
வெள்ளமடம் தாண்டும்வரை.

"இருக்காது மக்கா" என்றேன்.
"ஐப்பசியில காத்தாடி பாதியும் சும்மாத்தான் நிக்கும்."
அவள் மற்ற பதினொரு பேரையும் திரும்பிப் பார்த்தாள்.
அங்கே ஒரு கணக்கு முடிந்தது.
மனுவில் என் கையெழுத்து ஆறாவது.
அதற்குள் எதிர்க்கட்சிக்கும் ஓட்டுப் போட்டுவிட்டிருந்தேன்.

மனுவுக்கு இன்னும் பதில் இல்லை.

டயர் மாற்றினேன், பாதிக் காசு டீச்சருடையது.
சீட்டுக்கு அடியில் ஒரு வெட்டுகத்தி, ஒரு வடம்.
நாலரை மணிக்கு நல்ல மழை.
பன்னிரண்டு தலை எண்ணி ஏற்றினேன்,
டீச்சர் பதிமூன்று.
முன் கண்ணாடியில் ஆவி படியப் படிய
ஜெர்ஷா துண்டால் துடைத்துத் தந்தாள்.

பொன்மனை தாண்டியபோது கவனித்தேன்,
பின்னால் ஒற்றை வெளிச்சம்.
பைக்.
வளைவில் மறையும், திரும்ப வரும்.
பிபிஷா திரும்பிப் பார்த்துவிட்டு
"அப்பாக்கு ரெயின்கோட்டு கிடையாது" என்றாள்,
யாரிடமும் இல்லை என்பதுபோல.

நான் மூன்றாவது கியருக்கு மேல் போகவில்லை.
ரோடு வழுக்கும் என்று
டீச்சரிடம் சொல்லிக்கொண்டேன்.