முப்பது பாகை

எங்கள் கட்டில்களில் கோணம் காட்டும் முள்
ஒன்றிலாவது எனக்கு நம்பிக்கை இல்லை.
மகனின் கொம்பாஸ் பெட்டியிலிருந்து
பாகைமானியை எடுத்து வந்து
நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.
முப்பது. முப்பத்தொன்று. சரி.

இரவு இரண்டு மணி,
மட்டக்களப்பு ஆஸ்பத்திரி ஐசியு.
மூன்றாம் கட்டிலில் தவநேசன்.
யானைக்குக் காவல் இருந்தவன்.
வெடி, டோர்ச், பிளாஸ்க்கில் தேத்தண்ணி.
யானை வரவில்லை.
உன்னிச்சைப் பக்கத்து வாடியில்
பாய்க்குள் வந்தது எண்ணெய் விரியன்.
கடித்ததே தெரியாதாம்.
விடிய இமை தூக்க முடியவில்லை,
பிறகு நெஞ்சும்.

இமை விழுந்தவனுக்குக் காது விழாது.
ஆகவே எதையும் சொல்லிச் சொல்லியே செய்கிறேன்.

"கை கழுவிற்றன் மனே, ஈரம் காயட்டும்.
இப்ப வாய்.
பல்லு, முரசு, நாக்குக்குக் கீழ.
கசக்கும்.
உன்ட தொண்டைக்குள்ள பலூனால ஒரு வரம்பு கட்டியிருக்கு.
மேல தேங்கிறது எச்சில்,
கீழ கிடக்கிறது உன்ட வயல்.
வரம்பு இருக்கெண்டு நித்திரை கொள்ள ஏலுமா?
வரம்புக்கு மேல நண்டு ஒரு வளை தோண்டினாப் போதும்,
உனக்குத் தெரியாததா.
அதான் காத்தை அளக்கிறன். இருபத்தாறு.
தேங்கினதை மேலாலயே இறைச்சு விடுறன்."

குழாயின் வளைவில் நீர் திரண்டிருக்கிறது.
அவன் பக்கம் சாயவிடாமல்
மெல்ல வடிக்கிறேன்.

ஐந்தாம் கட்டிலைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.
வைகாசியில், படுவான்கரைப் பிள்ளை ஒருத்தி,
தலையில் அடி.
தேறிக்கொண்டுதான் இருந்தாள்.
உடம்பு துடைக்கப் படுக்கையைத் தாழ்த்தினோம்.
அடுத்த கட்டிலில் அலாரம்.
ஓடினேன்.
திரும்ப உயர்த்தியது நானா, ஜெசிந்தாவா,
ஒருவருமே இல்லையா,
இன்றுவரை தெரியாது.
நாலாம் நாள் காய்ச்சல். சளி பச்சை.
எக்ஸ்ரேயில் வலது பக்கம் முழுக்க வெள்ளை.
அந்த ஒரு மணித்தியாலம்தான் காரணம் என்று
எந்த டொக்டரும் சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.

இருபத்தொன்பது.
கைபிடியை ஒரு சுற்றுச் சுற்றுகிறேன்.
முப்பது.

பகலில் அவன் மனைவி
கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டாள்,
"ராவு ஏதும் செய்தீங்களா மிஸ்?"
வராத காய்ச்சலை எந்தத் தாளில் எழுதிக் காட்டுவது?
"ஒண்டும் நடக்கல்ல" என்றேன்.
அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

ஆறாம் நாள் கட்டைவிரல் அசைந்தது.
எட்டாம் நாள் காலை
மெசினைத் தணித்துவிட்டு
அரை மணித்தியாலம் அவன் நெஞ்சையே பார்த்து நின்றோம்.
குழாய் வெளியே வந்தது.
இருமினான். இன்னொருக்கா இருமினான்.
குரல் என்று சொல்ல ஏலாத ஒரு கரகரப்பு:

"மிஸ்... நண்டு
வரம்புக்கு மேல தோண்டாது.
அடியாலதான்."

பின்னேரம் ஐந்தாம் கட்டிலுக்கு ஆள் வந்தது.
நூலையும் நட்டையும் கழற்றிக்கொண்டு போனேன்.