ரொட்டி பொதிந்த பெட்டி

ஹர்மாயோகி ஆற்றின் பனி
எந்த வசந்தத்தில் எந்த நாளில் உடைந்தது என்பதுதான்
என் மூன்றாண்டு வேலை.
கேட்பவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு
"சம்பளம் தருகிறார்களா?" என்பார்கள்.

நூற்றுப் பத்து ஆண்டுகளின் தேதி கிடைத்தது.
நாற்பத்தைந்திலிருந்து ஏழு ஆண்டுகள் மட்டும் இல்லை.
அளவுகோல் கட்டிய பாலம் போரில் போயிற்று,
அளக்க ஆளும் இல்லை என்றார்கள் ஓலு அலுவலகத்தில்,
கடைசிப் பேருந்து போய்விட்டது என்பதைப் போல.
அந்த இடைவெளியின் மேல்
ஒரு கோட்டை இழுத்துவிட்டுத் தூங்கப் போனேன்.
கோடு அழகாகத்தான் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு பெட்டி வந்தது.
அனுப்பியவர் உர்போ கெஹ்கோனென். யாரென்றே தெரியாது.
நூலகத்தில் நான் புலம்பியதை
நூலகர் தன் தங்கையிடம் சொல்ல,
தங்கை எட்டாம் எண் பேருந்தில் யாரிடமோ சொல்ல,
ஓட்டிக்கொண்டிருந்தவர் காதில் விழுந்திருக்கிறது.
அவர் வாங்கிய வீட்டின் பரணில் கிடந்தவையாம்
இந்த ஏழு கணக்குப் புத்தகங்கள்.
கடிதம் இல்லை.
ஆடாமல் இருக்க இடுக்கெல்லாம்
காய்ந்த ரை ரொட்டி.

மருத்துவமனைத் துணி வெளுத்த
ஹில்யா சார்க்கினென் எழுதிய கணக்கு.
விரிப்பு நாற்பது. உறை அறுபத்திரண்டு.
ரத்தக்கறை, இரண்டாம் அலசல்.
ஓரத்தில் பென்சிலில்:
"மதியம் ஆறு திறந்தது. இனிக் கோடரி வேண்டாம்."
அடுத்த வசந்தத்திலும் அதே இரண்டு வாக்கியம்.
அதற்கடுத்த வசந்தத்திலும்.
பனியில் துளை வெட்டித் துணி அலசிய கை
அந்த நாளை எப்படித் தவறவிடும்?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஹில்யா ஆற்றையே அளந்து
சோப்புக் கணக்கின் ஓரத்தில் போட்டிருந்தாள்,
யாரும் கேட்காமல்.

ஏழு புள்ளிகளையும் வைத்துப் பார்த்தேன்.
ஒன்றுகூட என் கோட்டின் மேல் உட்காரவில்லை.
நாற்பத்தேழில் ஆறு
பதினேழு நாள் முந்தித் திறந்திருக்கிறது.
என் இரண்டாம் அத்தியாயம் அதில் மூழ்கியது.

லூலியோவில் எப்பா ஸ்ட்ரீட்ஸ்பெர்க்,
பக்கத்து நாட்டு ஆறு அவளுடையது.
மாநாடுகளில் நாங்கள் காபி வரிசையில் தள்ளியே நிற்போம்.
அவளைத்தான் அழைத்தேன், வேறு யாருக்குப் புரியும்?
மறுமுனையில் வெகுநேரம் சத்தமில்லை.
"எனக்கும் அந்த ஆண்டு ஒரு புள்ளி
தனியே துள்ளி நின்றது," என்றாள்.
"எழுத்துப் பிழை என்று அழித்துவிட்டேன்."

விடிவதற்குள் எல்லாவற்றையும் அனுப்பியிருந்தாள்,
இன்னும் வெளியிடாத பதினான்கு ஆண்டு உழைப்பையும்.
என்ன வேண்டும் பதிலுக்கு என்று எழுதவில்லை.
இரண்டு ஆறுகள், ஒரே வாரம்.
ஏன் என்று இருவருக்கும் தெரியாது.
தெரியாதது இவ்வளவு பெரிதாக
என் மேசைக்கு அதுவரை வந்ததில்லை.

நன்றி சொல்ல உர்போவை அழைத்தேன்.
பனி, புள்ளி, கோடு என்று கொட்டித் தீர்த்தேன்.
பொறுமையாகக் கேட்டார்.
பிறகு, "ரொட்டி நொறுங்கிவிட்டதா?" என்றார்.

இல்லை என்று சொல்ல
சற்று நேரமாயிற்று,
வாய் நிறைய இருந்தது.