ஒன்றுவிட்டு ஒன்று

எட்டு வருடமாக நான் காவலிருப்பது
மூன்றடி அகல இரவுக்கு.
லியேஜ் நகரம், ஆற்றோரத் தெரு, மழை விட்ட நேரம்.
வரைந்தவர் பெயர் கையொப்பத்திலேயே கரைந்துவிட்டது.

கிட்டே போனால் தெரு இல்லை.
கத்தியால் அப்பிய மஞ்சள், விரலால் இழுத்த நீலம்,
யாரோ அவசரமாய்ச் சாப்பிட்டெழுந்த தட்டு.
ஏழடி பின்வாங்கினால்
ஈரக் கல்பாவிய சாலை, குதிரைவண்டி, குடைகள்.
ஆறாவது அடியில் இரண்டும் இல்லை.
அங்கேதான் என் நாற்காலி.

வழிகாட்டி ஓதில் சொல்வாள்:
"நாடகம் விட்ட நேரம். நகரத்தின் கொண்டாட்டம்.
வெளிச்சத்தைப் பாருங்கள், சிரிக்கிறது."
கூட்டம் பார்க்கும்.
வெளிச்சம் சிரித்துக்கொள்ளும்.

ஒருமுறை ஒரு சிறுமி
இடது மூலையில் இருப்பது உடைந்த முட்டை என்றாள்.
அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்துப்போனார்.
எனக்கும் அது ஆறு மாதம் முட்டையாகவே இருந்தது.
அதற்கு முன் நாய்.
அதற்கும் முன், மனைவி பிரிந்துபோன குளிர்காலத்தில்,
கதவைத் திறந்துவைத்து நிற்கும் பெண்.

திங்கட்கிழமை, விடுமுறை.
கூரை விளக்கை மாற்ற வந்தாள் லூதிவின்,
நகராட்சியின் தெருவிளக்குப் பிரிவு,
இடுப்பில் திருப்புளி, காதில் பென்சில்.
ஏணியின் நான்காம் படியில் நின்று
ஓவியத்தைப் பார்த்தாள்,
புகார் வந்த சந்தைப் பார்ப்பதுபோல.
"ஒன்றுவிட்டு ஒன்றுதான் எரியுது."
என்னது?
"கம்பத்தை எண்ணுங்க. பதினொன்று. எரியறது ஆறு."

எண்ணினேன். எட்டு வருடத்தில் முதல்முறை.
மரம் என்று விட்டிருந்தேன் அவற்றை.
மரமில்லை, அணைந்த விளக்கு.
பிறகு எரியும் விளக்கு. பிறகு அணைந்தது.
"வாயு விளக்குக் காலத்துல
நடுநிசி தாண்டினா பாதியை அணைச்சிடுவாங்க.
செலவு மிச்சம்."
சொல்லிவிட்டு மரையைக் கழற்றப் போய்விட்டாள்.

அப்படியானால் நாடகம் முடிந்து வெகுநேரம்.
குடைக்காரர்கள் வீடு சேர்ந்து
ஈரக் காலுறையைக் கணப்பருகே தொங்கவிட்டாயிற்று.
இவர்கள் யார் பிறகு?
குடை என்று நின்றிருந்த கருமைகள்
மெல்ல முதுகில் ஏறி மூட்டையாயின.
சுரங்கத்துக்கு முதல் பாளிக்குப் போகிறவர்கள்,
அல்லது கடைசிப் பாளி முடிந்து வருகிறவர்கள்,
முகம் இல்லாததால் திசையும் இல்லை.
குதிரைவண்டி உல்லாசம் போகவில்லை.
நகரத்தின் மலம் அள்ளிப் போகிறது.
அதைச் சுற்றி மட்டும் ஏன் ஆளே இல்லை என்று
ஒருநாளும் யோசித்ததில்லை நான்.

வரைந்தவரும் அங்கே நின்றிருக்க வேண்டும்,
அணைந்த கம்பம் ஒன்றின் கீழே, விரல் விறைத்து.
எந்தக் குழாயில் எந்த நிறமென்று
அந்த இருட்டில் எப்படித் தெரிந்தது?
தெரிந்திருக்காது.
மஞ்சளுக்குள் அந்தப் பச்சை நுழைந்தது அப்படித்தான்.
அதைப் பற்றி ஓதிலிடம் இரண்டு பக்கக் குறிப்பு இருக்கிறது.

"அந்த மூலையில் இருப்பது?" என்று கேட்டேன்.
லூதிவின் குனிந்து பார்த்தாள்.
"ரொட்டி அடுப்பா இருக்கலாம்.
கம்பம் இல்லாத வெளிச்சம் எங்க பிரிவு இல்லை."

புது விளக்கைப் போட்டாள். வெள்ளை.
நீலமெல்லாம் சாம்பலாயிற்று, சாலை சட்டென்று காய்ந்தது.
மூட்டைகள் ஒருகணம் மறுபடி குடைகளாயின.
"பழையதையே மாட்டவா?" என்றாள்.
மாட்டலாமா?
"மாட்டக்கூடாது" என்று சொல்லி
பழையதையே மாட்டினாள்.
படிவத்தில் என் கையெழுத்து;
அதுவும் கரைந்த மாதிரிதான் விழுந்தது.

இன்று ஓதில் இருபது பேரோடு வந்தாள்.
"நாடகம் விட்ட நேரம்" என்று ஆரம்பித்தாள்.
நான் இருமினேன்.
திரும்பிப் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்றாள்.
வேண்டாம் என்றேன்.
தொடர்ந்தாள். வெளிச்சம் சிரித்துக்கொண்டது,
ஆறு இடத்தில்.