பின் இடது

ஆடி மாதம், காலை ஆறே கால்.
பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வந்த காற்று
எட்டிமடைக்குத் தெற்கே
ட்ராக்கின் குறுக்கே ஓடுகிறது.
தாரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
இன்னும் ராத்திரியின் குளிர்.

பாதி கார் என்னுடையது, பாதி தாவூதுடையது.
எந்தப் பாதி என்று இதுவரை பிரித்ததில்லை.
நாலு டயரிலும் இருபத்தாறு வைத்தோம்.
சூடானால் முப்பத்திரண்டு வர வேண்டும்.
மிஞ்சினால் ரப்பர் பிடிவிடும்,
குறைந்தால் டயரின் தோள் மடங்கித் தரையில் உரசும்.
தோளில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன்.
எதுவரை அழிகிறதோ அதுவரை சாய்ந்திருக்கிறது.

ஐந்து சுற்று.
நான் எஞ்சினை நிறுத்துமுன்பே
கேஜோடு குனிந்துவிட்டான் தாவூது.
ஆறவிட்டால் எண் பொய் சொல்லும்.
முன் இடது முப்பத்து மூன்று.
முன் வலது முப்பத்தொன்று.
பின் வலது முப்பத்தொன்று.
பின் இடது
இருபத்தொன்பது.

வலப்பக்கம் திரும்பும் வளைவுகளே அதிகம் இங்கே.
பாரம் சுமப்பதும் சூடேறுவதும் இடப்பக்கம்தான்.
பிறகு எப்படி இருபத்தொன்பது?

"நீ ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிக்கறதில்ல, கோதை.
பின்னாடி சக்கரத்துக்கு வேலையே இல்ல" என்றான்.
நான் காற்றைச் சொன்னேன்.
நேர்ச்சாலையில் இடப்பக்கம்தானே அடிக்கிறது,
ஆற்றிவிடுகிறது.
"முன் சக்கரத்துக்கு மட்டும் காத்து லீவா?"
வீல் அலைன்மென்ட் பார்த்த கடைக்காரனையும்
நாங்கள் விட்டுவைக்கவில்லை.
வெளியே வீசுவதும் காற்று, உள்ளே அடைத்ததும் காற்று.
ஒரே சொல்லை வைத்துச் சண்டை போட்டால்
எது யார் பக்கம் என்று தெரிவதில்லை.

பிறகு செய்ததுதான் வெட்கம்.
மற்ற மூன்றிலும் காற்றை இறக்கினோம்,
உஸ்,
உஸ்,
உஸ்,
சரியாக இருந்த மூன்றும்
அந்த ஒன்றுக்குச் சமமாகும்வரை.
தாவூது ஓட்டினான்.
முக்கால் நொடி குறைந்தது!
கைகொடுத்துக்கொண்டோம்.
நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

மத்தியானம் அதே சக்கரம், இருபத்தேழு.
வெயில் ஏறும்போது ஏற வேண்டியது இறங்குகிறது.
மேகம் என்றேன்.
அவன் வானத்தைப் பார்த்தான்,
மரியாதைக்காக.

சாயங்காலம் பங்கில் நாலுக்கும் முப்பத்திரண்டு நிரப்பி
அவனைப் புதுநகரத்தில் விடக் கிளம்பினேன்.
வாளையாறு செக்போஸ்ட், ஒரு மணி நேர வரிசை.
முன்னால் சிமென்ட் லாரி.
அதன் கிளீனர் பையன் லுங்கியை மடித்துக் கட்டி
இரும்புக் கம்பியால் டயர் டயராகத் தட்டி வந்தான்,
டங், டங், டங், பத்துச் சக்கரம்.
கை நிற்கவில்லை போலிருக்கிறது,
எங்கள் காரையும் ஒரு சுற்றுச் சுற்றினான்.
டங். டங். டங்.
தொப்.

"அக்கா, இதுல ஆணி கெடக்கும். பாருங்க."

செல்போன் வெளிச்சத்தில்,
பட்டைகளுக்கு நடுவே,
தேய்ந்து வெள்ளிக் காசாய் மின்னியது ஆணித்தலை.
எத்தனை வளைவு எங்களோடு சுற்றியதோ.
தாவூது விரலில் எச்சில் தொட்டு வைத்தான்.
குமிழ் வந்தது, உடைந்தது,
மறுபடி வந்தது.

அவன் என் ஆக்ஸிலேட்டரைப் பற்றிப் பேசவில்லை.
நான் மேகத்தைப் பற்றிப் பேசவில்லை.
பையன் பீடி பற்றவைத்துக்கொண்டு
ஜாக்கி எங்கே என்று கேட்டான்.

டாஷ்போர்டு வெளிச்சத்தில் நோட்டைத் திறந்து
பின் இடது வரிசை முழுவதையும் அடித்தேன்.
பக்கத்தில் ஆணி என்று எழுதினேன்.
முக்கால் நொடியின் மேல் பேனா நின்றது.
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த தாவூது
"அது கெடக்கட்டும்" என்றான்.